டிரைவராக வந்தவர் பாடகரானது எப்படி? 26 வயதில் மறைந்த ஓடிஸ் ரெடிங்கின் கதை!

அமெரிக்க சோல் இசையில் தவிர்க்க முடியாத பெயர் ஓடிஸ் ரெடிங். அவரை உயர்த்தியது ஒரு இசைக்குழு. கடைசிப் பயணத்தில் உடன் வந்தது இன்னொரு இசைக்குழு. யார் இவர்?

கிணறு வெட்டிய சிறுவன்

1941 செப்டம்பர் 9-ல் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்த ஓடிஸ், மேக்கன் நகரில் வளர்ந்தார். பாட்டு பழகியது சர்ச்சில். அப்பாவுக்கு காசநோய் வந்ததால், 15 வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு கிணறு வெட்டுவது, பெட்ரோல் பங்க் வேலை என கிடைத்ததை எல்லாம் செய்தார். உள்ளூர் பாட்டுப் போட்டிகளில் ஜெயித்து ஜெயித்தே பெயர் வாங்கினார். அதன்பின், கிட்டாரிஸ்ட் ஜானி ஜென்கின்ஸின் பைன்டாப்பர்ஸ் குழுவில் சேர்ந்தார்.

கடைசி நிமிட சான்ஸ்

1962-ல் ஜென்கின்ஸுக்கு மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ரெக்கார்டிங். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் கார் ஓட்டிப் போனவர் ஓடிஸ். அன்றைய ரெக்கார்டிங் சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் ஓடிஸுக்கு சான்ஸ் கிடைத்தது. முதல் பாட்டு யாரையும் கவரவில்லை. இரண்டாவதாக, தானே எழுதிய 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பாடலை மெதுவாகப் பாடினார். ஸ்டுடியோவே திரும்பிப் பார்த்தது!

பின்னால் நின்றவர்கள்

அதன்பின் அவருக்கு வாசித்தது ஸ்டாக்ஸின் ஆஸ்தான குழுவான புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ். இனப் பாகுபாடு தலைவிரித்தாடிய அந்தக் காலத்தில், கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்து வாசித்த குழு அது. அதன் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் க்ராப்பர், ஓடிஸோடு சேர்ந்து பாடல்களும் எழுதினார். 1965-ல் ஓடிஸ் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', பிறகு அரீதா ஃபிராங்க்ளின் குரலில் உலகம் முழுக்க ஒலித்தது. 1967 ஜூனில் மான்டெரே இசை விழா மேடையில், அதுவரை அவரை அதிகம் கேட்டிராத வெள்ளையின இளைஞர்களையும் தன் பக்கம் இழுத்தார்.

ஏரியில் விழுந்த விமானம்

அந்த ஆண்டு அவரோடு ஊர் ஊராகப் போனது பார்-கேஸ் குழு. பெரும்பாலும் டீன் ஏஜ் பசங்க! டிசம்பர் 10, 1967. விஸ்கான்சினில் உள்ள மொனோனா ஏரியில் அவர்களின் சிறிய விமானம் விழுந்தது. ஓடிஸும் பார்-கேஸ் இளைஞர்கள் நான்கு பேரும் உட்பட 7 பேர் பலி. உயிர் பிழைத்தது டிரம்பெட் கலைஞர் பென் காலி மட்டும்தான். சீட் குஷனைப் பிடித்தபடி உறையும் தண்ணீரில் மிதந்தார். பேஸ் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் அலெக்சாண்டர் வேறு விமானத்தில் போனதால் தப்பினார்.

கேட்காமல் போன வெற்றி

விபத்துக்கு 3 நாள் முன்பு ரெக்கார்டிங் முடித்த 'டாக் ஆஃப் தி பே' பாடலுக்கு, அலைச் சத்தம் சேர்த்து இறுதி வடிவம் கொடுத்தவர் க்ராப்பர். நண்பனை இழந்த சில நாட்களிலேயே அந்த வேலையில் உட்கார்ந்தார். 1968 மார்ச்சில் பாடல் அமெரிக்காவில் நம்பர் 1. பாடகர் இறந்தபின் அங்கு முதலிடம் பிடித்த முதல் பாடல் இதுதான்.

பார்-கேஸ் குழுவும் அங்கேயே முடிந்துவிடவில்லை. காலியும் அலெக்சாண்டரும் புது ஆட்களைச் சேர்த்து மீண்டும் மேடை ஏறினார்கள்!