கல்லூரிக் கதவைத் திறந்த தலைமை ஆசிரியை

அடிமையாகப் பிறந்தவர் அவர். 21 வயதில் கணவரை இழந்தார். பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியே தீருவேன் என்று நின்றார். அதனால் வேலையை இழந்தார். 67-வது வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். 105 வயது வரை வாழ்ந்தார்.

அவர்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித் தாய்மார்களில் ஒருவரான அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார்.

அடிமையின் மகள்

அமெரிக்காவின் தென்பகுதியில் வட கரோலினா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் ராலே. அந்த ஊரில் 1858-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி அன்னா பிறந்தார்.

தாயார் பெயர் ஹன்னா. அவர் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் அடிமை. ஆடு, மாடுகளைப்போல மனிதர்களை விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. அடிமையின் வயிற்றில் பிறந்த பிள்ளையும் அடிமைதான். தந்தை யார் என்று தாயார் வாய் திறந்து சொன்னதில்லை. எஜமானர் வீட்டைச் சேர்ந்தவர்தான் என்று நம்பப்படுகிறது.

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றமாக இருந்தது. படித்தால் அடிமை அடங்க மாட்டான் என்று எஜமானர்கள் பயந்தார்கள்.

உள்நாட்டுப் போர் வந்தது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அப்போது அன்னாவுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை.

1868-ல் ராலே நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. புனித அகஸ்டின் பள்ளி என்பது அதன் பெயர். ஒன்பது வயது அன்னா அதில் சேர்ந்தார். படித்துக்கொண்டே, தம்மைவிடப் பெரியவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்!

பெண்ணுக்கு இல்லாத பாடம்

அந்தப் பள்ளியில் கிரேக்க மொழி வகுப்பு ஒன்று தொடங்கியது. பாதிரியாராகப் போகிற ஆண்களுக்கு மட்டும்தான் அந்த வகுப்பு. பெண்களுக்கு இடம் இல்லை.

அன்னா சும்மா இருக்கவில்லை. தலைவரிடம் போய் முறையிட்டார். ஆணுக்கு ஒரு படிப்பு, பெண்ணுக்கு ஒரு படிப்பு என்று ஏன் பிரிக்க வேண்டும் என்று வாதாடினார். கடைசியில் அவருக்கும் இடம் கிடைத்தது.

இன்னார்க்கு இந்தப் படிப்புத்தான் என்று யாரோ முடிவு செய்வதை அவர் எதிர்த்தது அதுதான் முதல் தடவை. வாழ்நாள் முழுவதும் அந்தப் போராட்டம் தொடர்ந்தது.

1877-ல் ஜார்ஜ் கூப்பர் என்பவரை மணந்தார். அவரும் அதே பள்ளியில் இருந்தவர். பாதிரியார் படிப்புப் படித்தவர். இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்துபோனார். அன்னா மறுமணம் செய்துகொள்ளவில்லை. படிப்பே துணை என்று முடிவு செய்தார்.

ஓஹையோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரி இருக்கிறது. கறுப்பினத்தவரையும் பெண்களையும் முன்னதாகவே சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. சம்பளம் கட்ட வழியில்லை, இலவசமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்னா கடிதம் எழுதிப் போட்டார். 1881-ல் இடம் கிடைத்தது.

அங்கே பெண்கள் வழக்கமாகப் படித்தது சின்னப் படிப்பு. ஆண்கள் படித்தது நான்கு வருடப் பெரிய படிப்பு. அன்னா ஆண்களின் படிப்பையே எடுத்துக்கொண்டார். 1884-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு எம்.ஏ. பட்டமும் வந்தது.

எம் தெருப் பள்ளிக்கூடம்

1887-ல் அன்னா வாஷிங்டன் நகருக்கு வந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை.

அது சாதாரணப் பள்ளிக்கூடம் அல்ல. 1870-ல் ஒரு மாதாகோவிலின் அடித்தளத்தில் தொடங்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் பொது உயர்நிலைப் பள்ளி அதுதான். 1891-ல் அதற்குப் புதுக் கட்டிடம் கிடைத்தது. வாஷிங்டனில் பல தெருக்களுக்கு ஆங்கில எழுத்துக்களே பெயர். இந்தப் பள்ளி எம் தெருவில் இருந்தது. ஆகவே, எம் தெரு உயர்நிலைப் பள்ளி என்று பெயர் வந்தது.

வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அப்போது ஒரே பள்ளியில் படிக்க முடியாது. நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளில் மேலே படிக்க ஆசைப்பட்டவர்கள் இங்கேதான் வர வேண்டும். சமையல்காரி பிள்ளையும் வந்தது. வண்டிக்காரர் பிள்ளையும் வந்தது. குமாஸ்தா, வாத்தியார், டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள்.

அன்னா கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தார். பிறகு லத்தீன் மொழி கற்பித்தார். 1892-ல் கறுப்பினப் பெண்களின் நிலைமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். 1900-ல் லண்டனில் நடந்த ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டில் பேசினார்.

1902-ல் அவரே தலைமை ஆசிரியை ஆனார்.

கதவுக்கு என்ன சாவி?

பெரிய கல்லூரியில் சேர வேண்டுமானால் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் கிரேக்கமும் வேண்டும். அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி வேண்டும். சரித்திரம், ஆங்கிலம் வேண்டும்.

இவற்றை ஓரிரு மாதத்தில் உருப்போட முடியாது. உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் படித்து வர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடங்களே இல்லை என்றால் என்ன ஆகும்? பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கல்லூரி வாசலில் நிற்க வேண்டியதுதான். உள்ளே வராதே என்று யாரும் சொல்ல வேண்டாம். பாடத்தை எடுத்துவிட்டால் போதும். கதவு தானாக மூடிக்கொள்ளும்!

கூப்பர் அம்மையார் இதை நன்றாக அறிந்திருந்தார். ஆகவே, கல்லூரிக்கு வேண்டிய பாடங்களை ஒன்றுகூட விடவில்லை. பின்தங்கிய பிள்ளைகளைத் தட்டிக் கழிக்கவில்லை. அவர்களைக் கூட இருந்து தூக்கிவிட்டார். நல்ல மாணவர்களுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், உதவிச் சம்பளம் கிடைக்குமா என்று தாமே முயற்சி எடுத்தார்.

1903-ல் பிரான்சு தேசத்துப் பாதிரியார் ஒருவர் இந்தப் பள்ளியைப் பார்க்க வந்தார். அம்மையாரின் லத்தீன் வகுப்பில் உட்கார்ந்தார். ரோமாபுரிக் கவி வர்ஜிலின் காவியத்தைப் பிள்ளைகள் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் அதிசயித்தார். ஊர் திரும்பியதும் தமது பயணப் புத்தகத்தில் அந்த வகுப்பைப் பாராட்டி எழுதினார்.

பலன் கைமேல் கிடைத்தது. ஹார்வர்டு, யேல், பிரௌன், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், ஓபர்லின் ஆகிய கல்லூரிகளுக்கு எம் தெரு மாணவர்கள் போனார்கள். பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் அவை.

தொழில் படிப்பா, கல்லூரிப் படிப்பா?

அதே காலத்தில் நாட்டில் ஒரு பெரிய வாதம் நடந்து கொண்டிருந்தது.

கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், சமையல் போன்ற கைத்தொழில்களைக் கற்றுக் கொடுத்தால் போதும் என்றார்கள் பலர். புக்கர் வாஷிங்டன் என்ற பெரிய கறுப்பினத் தலைவரே தொழிற்கல்விக்குத்தான் முதலிடம் கொடுத்தார். கையில் தொழில் இருந்தால் பட்டினி இல்லை என்பது அவர் எண்ணம்.

டியூபாய்ஸ் என்ற அறிஞர் இதை மறுத்தார். கறுப்பின மக்களிலிருந்து வக்கீல்களும் வைத்தியர்களும் பேராசிரியர்களும் வர வேண்டும் என்றார். எம் தெருப் பள்ளிக்கு வந்து பேசிய அவர், கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பைச் சுருக்கப் பார்க்கிறார்கள் என்று எச்சரித்தார். அந்தப் பேச்சு மேலதிகாரிகளுக்குக் கசந்தது.

கூப்பர் அம்மையார் கைத்தொழிலை இழிவாக நினைத்தவர் அல்ல. தச்சு வேலையில் விருப்பம் உள்ளவன் தச்சு வேலை படிக்கட்டும். கணக்கில் புலியாக இருப்பவன் கணக்குப் படிக்கட்டும். பிள்ளையின் அறிவையும் ஆசையையும் பார்த்துப் படிப்பைக் கொடுக்க வேண்டும். தோலின் நிறத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. இதுதான் அவர் கொள்கை.

விசாரணை

வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் டைரக்டராகப் பெர்ஸி ஹியூஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அவருக்கும் அம்மையாருக்கும் ஒத்துப்போகவில்லை.

1905-ல் அம்மையார்மீது குற்றச்சாட்டுகள் கிளம்பின. பள்ளியில் ஒழுங்கு இல்லை என்றார்கள். நிர்வாகத் திறமை போதாது என்றார்கள். அனுமதி பெறாத பாடப் புத்தகத்தை உபயோகித்தார் என்றார்கள். தகுதி இல்லாத மாணவர்களிடம் அதிகப் பரிவு காட்டுகிறார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு!

போதாக்குறைக்கு அவரது நடத்தையைப் பற்றியும் வம்பு பேசினார்கள். அவர் வளர்த்து ஆளாக்கிய பிள்ளை ஒருவர் அதே பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அவரையும் அம்மையாரையும் இணைத்துக் கதை கட்டினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஊரே பேசியது.

கல்விக் குழு கூடி விசாரித்தது. அம்மையாருக்கு ஆதரவாகப் பலர் பேசினார்கள். ஆனாலும், 1906-ல் அவருக்கு மறுபடியும் பதவி கொடுக்கப்படவில்லை. வேலை போய்விட்டது.

அப்போது அவருக்கு வயது 48. துணையாகக் கணவர் இல்லை. மான நஷ்டம் வேறு.

அவர் மனம் தளரவில்லை. மிசௌரி மாநிலத்துக்குப் போனார். அங்குள்ள லிங்கன் கல்விக்கூடத்தில் நான்கு ஆண்டுகள் மொழிகள் கற்பித்தார்.

1910-ல் வாஷிங்டனில் கல்வி அதிகாரி மாறினார். அம்மையாரைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால், தலைமை ஆசிரியையாக அல்ல; லத்தீன் ஆசிரியையாக! தாம் தலைமை வகித்த அதே பள்ளியில், இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். வேறொருவராக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். அம்மையார் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளுக்கு லத்தீன் வேண்டும். அது போதும் அவருக்கு.

ஐந்து குழந்தைகளும் டாக்டர் பட்டமும்

பிள்ளைகளை மேல்படிப்புக்குத் தயார் செய்தவர், தாமும் படித்துக்கொண்டே இருந்தார். கோடை விடுமுறைகளில் பாரிஸ் நகருக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தார். 1914-ல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தார்.

மறு ஆண்டே குடும்பப் பாரம் வந்து சேர்ந்தது. அவருடைய அண்ணன் வழிப் பேரக் குழந்தைகள் ஐந்து பேர் தாயை இழந்து நின்றார்கள். மூத்த குழந்தைக்கு 12 வயது. கடைக்குட்டிக்கு ஆறு மாதம். ஐந்து பேரையும் அம்மையார் தம் வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவருக்கு அப்போது 57 வயது. பேரப் பிள்ளைகளுக்காகப் பெரிய வீடு ஒன்றை வாங்கினார்.

பகலில் பள்ளிக்கூடம். மாலையில் குழந்தைகள். அதற்கு மேல்தான் படிப்பு.

கொலம்பியாவில் ஒரு வருடம் தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. குழந்தைகளை விட்டுப் போக முடியாது. ஆகவே, பாரிசில் உள்ள சோர்பான் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டார். 1924-ல் லீவு எடுத்துக்கொண்டு பாரிஸ் போனார். 60 நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று அங்கே அவருக்குத் தகவல் வந்தது. பழைய ஏடுகளிலிருந்து வேண்டிய குறிப்புகளை அவசர அவசரமாகச் சேகரிக்க ஏற்பாடு செய்துவிட்டு, கெடுவுக்குள் வகுப்புக்குத் திரும்பினார்.

ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். அடிமை முறையைப் பற்றிப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் பொருள். அடிமையாகப் பிறந்தவர் அடிமை முறையைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்!

1925 மார்ச்சு 23-ந் தேதி பாரிசில் பேராசிரியர்கள் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லி வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனில் விழா நடத்திப் பட்டத்தை வழங்கினார்கள். டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பின அமெரிக்கப் பெண்களில் அவர் நான்காமவர்.

பள்ளி கொடுத்த செல்வங்கள்

எம் தெருப் பள்ளி 1916-ல் வேறு கட்டிடத்துக்கு மாறி, டன்பார் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்றது. அம்மையார் 1930 வரை அங்கே கற்பித்தார்.

அந்த ஆண்டுகளில் அங்கே படித்து வெளியே வந்தவர்களைப் பாருங்கள். சார்லஸ் டிரூ: ரத்த வங்கிகளுக்கு வழிகாட்டிய டாக்டர். வில்லியம் ஹேஸ்டி: 1937-ல் மத்திய நீதிபதியாக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். ராபர்ட் வீவர்: 1966-ல் அமெரிக்க மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். கல்லூரிக்கு வேண்டிய பாடங்களை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்திருந்தால் இவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

ஓய்வு பெற்ற பிறகும் அம்மையார் ஓயவில்லை. பகலில் கூலி வேலை செய்துவிட்டு இரவில் படிக்க வரும் பெரியவர்களுக்காக ஒரு கல்வி நிலையம் இருந்தது. ஃபிரெலிங்ஹைசன் பல்கலைக்கழகம் என்பது அதன் பெயர். 1930-ல் அதன் தலைவரானார். பணக் கஷ்டத்தால் கட்டிடம் போயிற்று. உடனே தம் வீட்டிலேயே வகுப்புகளை நடத்தினார். எழுத்து அறியாதவர்களுக்கான பிரிவு ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தம் தாயார் பெயரை வைத்தார். அடிமையாக வாழ்ந்த ஹன்னாவின் பெயர் ஒரு பள்ளிக்குப் பெயராயிற்று.

1954-ல், நிறத்தைப் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாளைப் பார்க்க அம்மையார் உயிரோடு இருந்தார். அப்போது அவருக்கு 95 வயது.

1964 பிப்ரவரி 27-ந் தேதி வாஷிங்டனில் காலமானார். பிறந்த ஊரான ராலேயில், கணவர் கூப்பரின் அருகில் அடக்கம் செய்தார்கள். 2009-ல் அமெரிக்க அரசாங்கம் அவர் படத்துடன் தபால்தலை வெளியிட்டது.

வேலையைப் பறிக்கலாம், பெயரைக் கெடுக்கலாம். ஆனால், படித்து உள்ளே போய்விட்ட பிள்ளையை மீண்டும் வெளியே தள்ள யாராலும் முடியாது. கூப்பர் அம்மையார் திறந்த கதவு, திறந்தபடியே இருந்தது.