சாவித்திரிபாய் பூலேயின் கடைசி நாட்கள்

சாவித்திரிபாய் பூலே என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம்தான். 1831-ல் சதாரா மாவட்டத்தில் பிறந்து, ஒன்பது வயதில் மணமாகி, அதன்பிறகு எழுத்துக் கற்று, 1848-ல் கணவர் ஜோதிராவுடன் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். வழியில் சாணி எறிவார்கள் என்று பையில் மாற்றுப் புடவை கொண்டுபோனவர். அவர் எப்படி இறந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்து, சில மாதங்களில் புனேக்கும் வந்தது. ஜோதிராவ் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். தாயும் மகனுமாக ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம், நோயாளிகளுக்குச் சிகிச்சையகம் அமைத்தார்கள். ஒதுக்குப்புறமாக இருந்ததால் ஊருக்குப் பாதுகாப்பு. உள்ளே வேலை செய்பவர்களுக்கு? முகக்கவசம் இல்லை, கையுறை இல்லை, நோய் எப்படித் தொற்றுகிறது என்றும் தெரியாது. முண்ட்வாவில் தீண்டாமைக்கு உள்ளான மக்களின் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டதும், 66 வயதில் அவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார்.

தேதிகளைப் பாருங்கள். சரியாக இரண்டு மாதத்துக்கு முன், ஜனவரி 10 அன்று, பம்பாயில் ஹாஃப்கின் தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று சிமோன் கராச்சியில் கண்டது 1898-ல். அதையும் பலர் பல ஆண்டுகள் நம்பவில்லை.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீங்கள் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முகக்கவசமும் கையுறையும் உண்டு. ஆனால் உங்களுக்கு இருமலும் காய்ச்சலும் இருப்பது டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? வாசலிலேயே சொல்லிவிட்டால் முகக்கவசத்தை மாட்டிக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம் போதும். நீங்களும் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் இன்சுலின் போட்ட ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுங்கள்; குப்பை பிரிப்பவர் கையில் குத்தக்கூடாது.

யஷ்வந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாய் போன பிறகும் அவர் மருத்துவத்தை விடவில்லை. 1905-ல் மறுபடி பிளேக் வந்தபோது நோயாளிகளைக் கவனிக்கப் போனார். அதே நோயில் இறந்தார்.