பள்ளியைச் செபவீடாக்கிய புனித தொன் போஸ்கோ

நம் தாம்பரத்திலும் குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலும் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்குக் காலைச் செபம் பழகிப்போன ஒன்று. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்; செபம் முடிகிறது; பாடம் தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்கள் ஒரு மாணவனின் நாள் முழுவதையும் தொட வேண்டுமானால் என்ன செய்வது? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் புனித ஜான் போஸ்கோ. இத்தாலியில் குருக்களை மரியாதையாக அழைக்கும் 'தொன்' என்ற சொல்லோடு அவரைத் தொன் போஸ்கோ என்றே உலகம் அறியும்.

வட இத்தாலியில் தூரின் நகருக்கு அருகிலுள்ள பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் 1815 ஆகஸ்ட் 16ஆம் நாள் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். தாய் மர்கரீத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் தாம் மனப்பாடமாக அறிந்திருந்த ஞானோபதேசத்தையும் செபங்களையும் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தார். காலையும் மாலையும் பிள்ளைகளோடு முழந்தாளிட்டுச் செபித்தார். தொன் போஸ்கோ கற்ற முதல் பள்ளி அந்த வீடுதான்.

சிறுவன் ஜான் கயிற்றின்மேல் நடப்பான், கரணம் போடுவான், வித்தைகள் காட்டுவான். வேடிக்கை பார்க்க வரும் ஊராரிடம் அவன் கேட்ட கட்டணம் பணமன்று. எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்ல வேண்டும். கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்ல, அதைக் கேட்க வேண்டும். விளையாட்டும் செபமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவன் அன்றே கண்டுகொண்டான்.

வறுமையோடு போராடிப் படித்து, 1841 ஜூன் 5ஆம் நாள் தூரினில் குருப்பட்டம் பெற்றார். அந்நகரில் பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள் தெருக்களில் அலைந்தார்கள். சிறைச்சாலைகளில் இளைஞர் பலர் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களைக் கண்டு இளங்குருவின் உள்ளம் கலங்கியது.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாள். புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் தொன் போஸ்கோ திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பூசையுதவி செய்யத் தெரியாத ஒரு சிறுவனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். அவனைத் தம் நண்பன் என்று சொல்லி உடனே திரும்ப அழைத்தார் தொன் போஸ்கோ. அவன் பெயர் பர்த்தொலொமேயு கரெல்லி, தாய் தந்தையற்றவன், கட்டட வேலை செய்பவன். திருப்பலி முடிந்ததும் அவனருகில் முழந்தாளிட்டு ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்ன பிறகே முதல் ஞானோபதேசப் பாடத்தைத் தொடங்கினார். தம் பணி அனைத்தும் அந்தச் செபத்தில் பிறந்ததென்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கரெல்லி தன் தோழர்களை அழைத்து வந்தான். சிறுவர் கூட்டம் பெருகியது. இரைச்சல் தாங்காமல் பலர் இடம் தர மறுத்தனர். இறுதியில் 1846ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் வல்தோக்கோ என்ற இடத்தில் ஒரு தாழ்ந்த கொட்டகை கிடைத்தது. அங்கே விளையாட்டு இருந்தது, படிப்பு இருந்தது, நாளடைவில் செருப்புத் தைத்தல், தையல், தச்சு முதலிய தொழிற்கூடங்களும் வந்தன. இவை அனைத்துக்கும் அவர் வைத்த பெயர் 'ஆரட்டரி'. செபவீடு என்பதே அதன் பொருள்.

அந்த இல்லத்தில் நாள் முழுவதும் செபம் இழையோடியது. காலையில் திருப்பலி, அதற்கு முன்பே ஒப்புரவுக்கு வரும் சிறுவர்களுக்காகத் தொன் போஸ்கோ காத்திருப்பார். படிப்புக்கும் வேலைக்கும் முன்பு சிறு செபம். இரவுச் செபம் முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் ஒரு தந்தையைப் போல் அன்றைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி, நல்லறிவு புகட்டி, உறங்க அனுப்புவார். இவ்வழக்கத்தை முதலில் தொடங்கி வைத்தவர் பிள்ளைகளைப் பராமரிக்க 1846இல் அங்கு வந்து சேர்ந்த மர்கரீத்தாள் அன்னையே என்பர்.

இவ்வளவு செபம் இருந்தும் கட்டாயம் இருக்கவில்லை. தம் கல்வி முறையை விளக்கி 1877இல் எழுதிய சிறு நூலில், அறிவு, சமயம், அன்பு மூன்றின்மேல் அம்முறை நிற்பதாக அவர் கூறினார். திருப்பலியும் ஒப்புரவும் நற்கருணையும் கல்வியின் தூண்கள். ஆயினும் அவற்றைப் பெறும்படி மாணவரை வற்புறுத்தலாகாது, அவற்றின் இனிமையை எடுத்துக்காட்டினால் போதும் என்பதே அவர் கொள்கை. செபங்கள் சலிப்பூட்டும்படி நீளக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்.

இம்முறையின் கனியே புனித தோமினிக் சாவியோ. 1854இல் பன்னிரண்டு வயதில் வந்த இவன், புனிதனாக வேண்டுமென்று கடுந்தவம் செய்ய முயன்றான். தொன் போஸ்கோ அதைத் தடுத்தார். மகிழ்ச்சியாயிரு, பாடத்தையும் செபத்தையும் ஒழுங்காகச் செய், தோழர்களோடு விளையாடு, அவர்களுக்கு உதவி செய் என்று வழிகாட்டினார். 1857இல் பதினைந்து வயது நிறையும் முன்பே சாவியோ இறைவனடி சேர்ந்தான். 1954இல் புனிதனாக உயர்த்தப்பட்டான். 1854இல் தூரினைக் காலரா தாக்கியபோது, பெரியவர்களே அஞ்சி ஒதுங்கிய வீடுகளுக்குள் சென்று நோயாளிகளைத் தூக்கிப் பணிவிடை செய்தவர்கள் இந்த ஆரட்டரிச் சிறுவர்கள். அவர்களுடைய செபம் உதட்டோடு நின்றுவிடவில்லை.

1859இல் சலேசிய சபையையும், 1872இல் புனித மரிய மசரெல்லோவுடன் சகாய அன்னையின் புதல்வியர் சபையையும் நிறுவிய தொன் போஸ்கோ, 1888 ஜனவரி 31ஆம் நாள் காலமானார். 1934 உயிர்ப்புத் திருநாளில் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவர் மக்கள் 1906இல் தஞ்சையில் வந்திறங்கித் தமிழகத்தில் பணி தொடங்கினர். சென்னைப் பேராயர்களாக விளங்கிய மெதர்லே, லூயிஸ் மத்தியாஸ் இருவரும் சலேசியர்களே. நம் பகுதியும் 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகும்வரை சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே.

இன்று நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிற சமயப் பிள்ளைகள் பெருந்திரளாகப் படிக்கிறார்கள். கட்டாயமில்லாத, சுருக்கமான, அன்பு கலந்த செபம் அவர்கள் மனத்தையும் தொடும். பிள்ளைகளைச் செபிக்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் நிற்கும் ஆசிரியரைவிட, அவர்களோடு கைகுவித்து நிற்கும் ஆசிரியரே செபத்தைக் கற்பிக்கிறார். வீட்டிலும் அப்படியே. இரவில் குடும்பச் செபம் முடிந்ததும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்புமுன், மூன்றே நிமிடம் பிள்ளைகளோடு அமர்ந்து அன்றைய நாளைப் பற்றிப் பேசுவோம். கொட்டகையில் தொடங்கிய அந்தச் செபவீடு நம் பங்கின் ஒவ்வோர் இல்லத்திலும் தழைக்கப் புனித தொன் போஸ்கோ நமக்காக மன்றாடுவாராக.