கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு ராணுவ வீரர்

மலருக்கு விளையாட்டைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் பீட்டர் தங்கராஜ்.

எங்கள் அண்ணனூர், ஆவடிப் பக்கத்துப் பையன்களைப் பாருங்கள். டீம் பிரிக்கும்போது ஃபார்வர்டு ஆட அடிதடியே நடக்கும். கோல் நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. கடைசியில் ஒரு சின்னப் பையனைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத அந்த இடத்தில் நின்றுதான் தங்கராஜ் பெயர் வாங்கினார்.

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடினார். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் அவரும் சென்டர் ஃபார்வர்டுதான்! பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம். மேலே வரும் பந்தைக் கை நீட்டிப் பறித்துக்கொள்வார். அந்த வெலிங்டன் அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை ஜெயித்தது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது அவர் அணியில் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயரெடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்குக்கும் போனார். அங்கே பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். நம் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடியது அதுவே கடைசித் தடவை.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தங்கராஜுக்குக் காய்ச்சல் வேறு. இளைஞர் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். இந்தியா தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரில் மறுபடியும் அதே தென் கொரியா! பயிற்சியாளர் ரஹீம் சாகிப், காய்ச்சலில் படுத்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார்.

செப்டம்பர் 4. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத பிரச்சினையில் இந்தோனேசியர்களுக்கு நம் மேல் கோபம். கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கத்தியது. பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காகக் கைதட்டினார்களாம்! பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. அதற்கு மேல் விடவில்லை. 2-1, தங்கம்! ஆசிய விளையாட்டில் இந்தியா அதற்குப் பின் கால்பந்துத் தங்கம் வாங்கவில்லை.

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார்.

அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் யார் என்று புத்தகத்தில் இருக்கிறது. தங்கராஜ் தடுத்த பந்துகளுக்குக் கணக்கு எழுதியவர் யார்?

மாணவத் தம்பிகளே, தங்கைகளே, உங்களையும் ஒருநாள் பிடிக்காத இடத்தில் நிறுத்துவார்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். கொஞ்ச நாள் நின்றுதான் பாருங்களேன்.