நாவலர் இங்கர்சால்

பேச்சுப்போட்டி என்று வந்துவிட்டால், நம் மாணவர்களில் யாராவது ஒருவர் அறிஞர் இங்கர்சாலை மேடைக்கு இழுத்து வந்துவிடுவார். யாரப்பா அந்த இங்கர்சால் என்று கேட்டால், பெரிய அறிஞர் சார் என்பதற்கு மேல் பதில் வராது. மாணவர்களை மட்டும் குறை சொல்வானேன்? பெரியவர்களிலும் பலருக்கு அவ்வளவுதான் தெரியும். சுயமரியாதை இயக்கத்தார் அவருடைய சொற்பொழிவுகளைத் தமிழாக்கி நூல்களாக வெளியிட்டதால் அந்தப் பெயர் நம்மிடையே பரவியது. பிள்ளைக்கு இங்கர்சால் என்றே பெயர் சூட்டிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

இவர் மதத்தை மறுத்துப் பேசியவர். ஆகையால், வாத்தியார் பரிசளிப்பு விழா மலரில் நாத்திகம் போதிக்கிறாரோ என்று பெற்றோர்கள் எண்ணிவிட வேண்டாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவன்தான் நானும். மனசில் உள்ளதை மறைக்காமல் சொன்ன ஒருவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

ராபர்ட் கிரீன் இங்கர்சால் 1833 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டிரெஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார்! மகனுக்கு இரண்டு வயதாகும்போதே தாயார் காலமாகிவிட்டார். தந்தை ஜான் இங்கர்சால் கண்டிப்பான மதப் போதகர். அதே சமயம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பது பாவம் என்று பிரசங்க மேடையிலேயே முழங்கியவர். சபையார் சும்மா விடுவார்களா? ஓர் ஊரில் நிலைத்திருக்க முடியாமல் குடும்பம் ஊர் ஊராக மாறியது. ஒஹையோ மாநிலத்தில் ஒரு சபை, அற்பக் குற்றச்சாட்டுகளைச் சுமத்தி அவரை விசாரணைக்கே இழுத்தது. அப்போது ராபர்ட் ஒன்பது வயதுச் சிறுவன். சட்டமும் இல்லாமல் நீதிமன்றமும் இல்லாமல் மதத்தின் பெயரால் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தலாம் என்பதை அந்தச் சிறுவன் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டான். பின்னாளில் அவர் பேசியதற்கெல்லாம் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தார் (நம் இனம்தான்!). பிறகு சட்டம் படித்து இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் அண்ணன் ஈபனோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஒரு குதிரைப்படைக்குக் கர்னல் ஆனார். 1862 டிசம்பரில் டென்னசியில் எதிரிகளிடம் பிடிபட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். அதன்பின் அவரைக் கர்னல் இங்கர்சால் என்றே ஊர் அழைத்தது. 1867 இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாகவும் நியமிக்கப்பட்டார்.

அடுத்த படி ஆளுநர் பதவி. நாம் வருவது இந்த இடத்துக்குத்தான்.

1787 இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6 ஆவது பிரிவு, எந்தப் பொதுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக்கூடாது என்கிறது. 1791 இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், அரசாங்கம் ஒரு மதத்தை நிறுவவும் கூடாது, மக்களின் வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்கிறது. ஏட்டில் இப்படி. ஜனங்களின் மனசில் வேறொரு சட்டம் இருந்தது. போர்க்காலத்தில், அரசியல் சட்டத்தில் கடவுள் பெயர் இல்லாததால்தான் நாட்டுக்கு இத்தனை துன்பம் என்று நினைத்தவர்கள் 1864 இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். சட்டத்தின் முகவுரையிலேயே கடவுளையும் ஏசுநாதரையும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். காங்கிரஸ் சபையின் குழு 1874 இல் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. ஆனால் அதே 1864 இல் அச்சான இரண்டு சென்ட் காசில், கடவுளை நம்புகிறோம் என்று பொருள்படும் வாசகம் முதன்முறையாக இடம்பெற்றது.

இப்படிப்பட்ட நாட்டில்தான் 1868 இல் இங்கர்சால் ஆளுநர் வேட்பாளராக நிற்கக் குடியரசுக் கட்சியில் முயன்றார். செல்வாக்கு இருந்தது, நாவன்மை இருந்தது. மதத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்களாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் இருக்கத்தான் சொன்னார்கள். அதற்கும் அவர் இணங்கவில்லை. கட்சி பால்மர் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு இங்கர்சால் எந்தத் தேர்தலிலும் நின்று பதவி வகிக்கவேயில்லை.

வேடிக்கை என்னவென்றால், பதவி தராத அதே கட்சிக்கு அவருடைய நாக்கு மட்டும் தேவைப்பட்டது. 1876 இல் சின்சினாட்டி மாநாட்டில் ஜேம்ஸ் பிளெய்னை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்து அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. பிளெய்ன் தேர்ந்தெடுக்கப்படவில்லை, இங்கர்சால் பெயர்தான் நிலைத்தது. மைக் இல்லாத காலம் அது. அவ்வளவு பெரிய மண்டபங்களில் மணிக்கணக்காகப் பேசுவார். காசு கொடுத்து ஜனங்கள் கூடுவார்கள். கடவுள் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். கோபப்பட வந்தவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவரைக் கேட்டவர்கள் எல்லாம் நாத்திகராகிவிடவில்லை. அதே 1876 இல் லூ வாலஸ் என்ற தளபதி ரயிலில் அவரோடு நெடுநேரம் மதத்தைப் பற்றிப் பேசினார். தம் சொந்த மதத்தைப் பற்றியே தமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டுப் படிக்கத் தொடங்கினார். அதன் விளைவாக 1880 இல் வெளிவந்ததுதான் ஏசுநாதர் காலத்தைக் காட்டும் பென்ஹர் என்ற புகழ்பெற்ற நாவல். இங்கர்சால் விதைத்தது இப்படியும் முளைத்தது! அதே ஆண்டு புரூக்ளினில் ஓர் அரசியல் கூட்டத்தில், ஹென்றி வார்ட் பீச்சர் என்ற பெரும் பாதிரியாரே அவரைப் புகழ்ந்து சபைக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்குக் கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் எழுதிவைத்த ஒரு சம்பவம் போதும். குளிர்காலத்தில் பியோரியாவுக்கு இரவில் போய்ச் சேரவேண்டியிருந்தது. முன்பு ஒருமுறை அந்த ஊரில் விடுதியில் இடம் தராததால், குளிரில் விறைத்துப் போகாமலிருக்க இரவு முழுக்கத் தெருவில் நடந்தவர் அவர். மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று கவலைப்பட்டபோது, இங்கர்சால் வீட்டுக்கதவைத் தட்டுங்கள், எந்த நேரமானாலும் திறப்பார் என்றார் ஒரு நண்பர். நல்லவேளையாக அன்று விடுதியிலேயே இடம் கிடைத்துவிட்டது. இருந்தும், அந்த மனிதரைப் பார்த்தே தீரவேண்டுமென்று மறுநாள் காலையில் டக்ளஸ் அவர் வீட்டுக்குப் போனார். உள்ளன்போடு வரவேற்பு கிடைத்தது. 1883 இல் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தை உச்சநீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, வாஷிங்டனில் இருவரும் ஒரே மேடையில் நின்று அதைக் கண்டித்தார்கள்.

1887 இல் நியூஜெர்சியில் ஒரு வழக்கு. முன்பு போதகராக இருந்த ரெனால்ட்ஸ் என்பவர் மதத்தை விமர்சித்துத் துண்டுநூல் கொடுத்தார் என்று தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டினார்கள். அவர் கூடாரம் போட்டுப் பேசியபோது ஜனங்கள் முட்டை வீசிக் கூடாரத்தையும் கிழித்திருந்தார்கள். இங்கர்சால் கட்டணம் வாங்காமல் வாதாடினார். ஒரு மனிதன் நினைப்பதைச் சொல்லக்கூடாது என்றால் மற்ற உரிமைகள் எதற்கு என்ற கேள்வியை ஜூரிகள் முன் வைத்தார். ஆனாலும் தோற்றார். அபராதம் 25 டாலர். செலவோடு 75 டாலர். அதையும் அவரே கட்டினாராம்.

1879 இல் அண்ணன் ஈபன் இறந்தபோது, பாதிரியார் இல்லாமல் இங்கர்சாலே இறுதியுரை படித்தார். படிக்க முடியாமல் தேம்பி அழுதுவிட்டார். மரணத்துக்குப் பின் ஏதோ இருக்கும் என்ற மனித ஆசையை அன்று அவர் ஏளனம் செய்யவில்லை. நாக்கில் நெருப்பு உள்ளவருக்கும் நெஞ்சில் ஈரம் இருந்தது.

1899 ஜூலை 21 ஆம் நாள், 65 ஆவது வயதில், இதயநோயால் காலமானார். கடைசி நேரத்தில் மனம் மாறிப் பிரார்த்தனை செய்தார் என்று வதந்தி கிளம்பியது. உடனிருந்த மனைவி ஈவா அதை மறுத்தார். அஸ்தி ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் போர்வீரர்களோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

அவர் தோற்ற விஷயம் அதோடு முடியவில்லை. மேரிலாந்து மாநிலத்தில் ராய் டோர்காசோ என்பவருக்குச் சான்றுறுதி அலுவலர் வேலை கிடைத்தது. கடவுள் நம்பிக்கை உண்டு என்று உறுதி கூற மறுத்ததால் அதைப் பறித்தார்கள். அந்த நிபந்தனை செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1961 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் அப்போதே வழிவிட்டது. ஆனால் பதவியில் இருக்கும் ஒரு காங்கிரஸ் உறுப்பினர், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாகச் சொல்ல 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பீட் ஸ்டார்க் அப்படிச் சொன்னார். அடுத்த ஆண்டே தேர்தல் வந்தது. தொகுதி மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.