இராம்ஜியின் மகனும் யஷ்வந்தின் தந்தையும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை எழுதப் புகுவோர் வட்டமேசை மாநாட்டையும் அரசியலமைப்புச் சட்டத்தையும் விரிவாகவே எழுதியுள்ளனர். நாம் ஈண்டு அவரை ஒரு தந்தைக்கு மகனாகவும், ஒரு மகனுக்குத் தந்தையாகவும் மட்டுமே காண விழைகின்றோம். பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் கைக்குச் செல்லும் மலர் இஃது ஆதலின், அதுவே பொருத்தம் எனக் கருதினோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், மோவ் படைமுகாமில், பதினான்காவது மகவாகப் பிறந்தவர் பீமராவ். தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால் படைத்துறைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கியவர், கபீர் நெறியினர். அவர் நம் தொழிலினர் என்பதால் அவர்பால் நமக்குத் தனிப்பற்று உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

படையிலிருந்து ஓய்வு பெற்றபின் இராம்ஜி, பஞ்சகாலத்தில் ஏரி வெட்டும் பணி நடந்த கோரேகாவில் காசாளராக வேலை பார்த்தார். 1901இல் தந்தையைக் காண, சாத்தாராவிலிருந்து பீமராவும் உடன் சில சிறுவரும் புத்தாடை அணிந்து இரயிலேறினர். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப்போக எவரும் வரவில்லை. மகார் குலத்தவர் என அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி தருவதாகவும், சிறுவரே வண்டி ஓட்டுவதாகவும் இசைந்த பின்னரே ஒருவன் உடன்பட்டான். கையில் உணவு இருந்தது. குடிக்க நீர் கொடுப்பார் இல்லாமையால் அவ்வுணவை உண்ண இயலாமல் இரவைப் பசியோடு கழித்தனர். கடிதத்தைப் பெற்ற வேலையாள் அதை இராம்ஜியிடம் சேர்க்கவில்லை என்பது பின்னரே தெரிந்தது.

பின்பு குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. இருந்தது ஒரே அறை. சமையலும் உறக்கமும் படிப்பும் அதற்குள்ளேதான். இராம்ஜி மகனை முன்னிரவிலேயே உறங்கவைப்பார். தாம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்க அமர்த்திவிட்டு, அதன்பின் அவ்விடத்திலேயே தாம் படுப்பார். நம் முத்தையாபுரத்திலும், உப்பளத்துக்கு விடியுமுன் புறப்படும் தாய்மார் சிலர், பிள்ளையை எழுப்பிப் புத்தகத்தின்முன் அமர்த்திவிட்டுச் செல்வதை நாம் அறிவோம். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகள்களின் நகையை இரவல் பெற்று அடகு வைக்கவும் இராம்ஜி தயங்கவில்லை. இருவரைப் படிக்கவைக்க வழியின்றி மூத்தவர் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். அந்தத் தமையனை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

1913 சனவரியில் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பீமராவ் பரோடாவில் பணியேற்றார். சில நாளிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. விரைந்து திரும்பியவர், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கி, இரயிலைத் தவறவிட்டார். மறுநாள் வந்து சேர்ந்தபோது கிழவரின் கண்கள் மகனுக்காகவே காத்திருந்தன. பிப்ரவரி 2ஆம் நாள் அவர் மறைந்தார்.

அப்போது யஷ்வந்த் ஒன்றரைத் திங்கள் குழந்தை. அவ்வாண்டே அம்பேத்கர் நியூயார்க் சென்றார்; 1917இல் திரும்பினார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று 1923இல் வந்தார். மகனின் முதற் பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஏழாண்டு தந்தை கடல்கடந்து இருந்தார் என்பது கணக்கு. குடும்பத்தைக் காத்தவர் இரமாபாய் அம்மையார். பிறந்த ஐந்து மக்களில் நால்வர் இளமையிலேயே மாண்டனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1862இல் உள்நாட்டுப் போரின் நடுவே மகன் வில்லியை இழந்தார். அம்பேத்கர் 1926இல் கடைக்குட்டி இராஜரத்னாவை இழந்தார். அதற்கு அடுத்த ஆண்டே மகாட் குளத்தில் இறங்கி நம் மக்களுக்கு நீருரிமை கேட்டார். மசூரில் நீரின்றிக் கிடந்த சிறுவனே அங்கும் நின்றான் என்று எண்ணத் தோன்றுகிறது.

எஞ்சிய யஷ்வந்த் நோயால் நலிந்தவர். கல்லூரிப் பட்டம் பெறவில்லை. தந்தையோ 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவி, ஊரார் பிள்ளைகளுக்குப் பட்டம் கிடைக்கச் செய்தார். இதனைக் குறையாகச் சொல்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆனால் அம்மகன் இழந்ததைக் கணக்கில் எழுதாமல் விடுவதும் நேர்மையன்று.

யஷ்வந்த் தந்தையாரின் அச்சகத்தை நடத்தினார். 1956க்குப் பின் பௌத்த மகாசபையை வழிநடத்தினார். தந்தையின் உடல் எரியூட்டப்பட்ட தாதர் கடற்கரையில் சைத்தியபூமி எழுவதற்காக உழைத்தார். 1977இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் பிரகாஷ் சட்டம் பயின்று வழக்கறிஞராகிப் பின்னர் நாடாளுமன்றம் சென்றார்.