சகோதரி சுப்பலட்சுமி

சகோதரி சுப்பலட்சுமி (ஆகஸ்ட் 18, 1886 - டிசம்பர் 20, 1969) தமிழகத்தைச் சேர்ந்த கல்வியாளரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். ஆர். எஸ். சுப்பலட்சுமி என்பது இவரது முழுப்பெயர். குழந்தை விதவைகளுக்கெனச் சென்னையில் விடுதி தொடங்கி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியர்களாக ஆக்கியதற்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

சுப்பலட்சுமியின் பெற்றோர் சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி ஆகியோர். இவர்களது குடும்பம் தஞ்சாவூர் மாவட்டம் ரிஷியூரைச் சேர்ந்தது. அக்கால வழக்கப்படி சுப்பலட்சுமிக்குச் சிறுவயதிலேயே திருமணம் நடந்தது. சிறிது காலத்தில் கணவர் இறந்தார். தலையை மழித்து, வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பதே அன்று பிராமணக் குடும்பங்களில் விதவைகளுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. சுப்பலட்சுமியின் பெற்றோர் அதை ஏற்காமல் மகளைத் தொடர்ந்து படிக்கவைத்தனர். விதவையான சிற்றன்னை வாலாம்பாள் இவருக்கு உறுதுணையாக இருந்தார். கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்ற சுப்பலட்சுமி, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911 இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் முதல் வகுப்பில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் இவரே.

அருட்சகோதரிகளைப் போலத் தம் வாழ்வைத் தொண்டுக்கே ஒப்படைத்தமையால் சகோதரி என்னும் அடைமொழி இவர் பெயருடன் நிலைத்தது. ஆயினும் இவர் இந்து சமயத்திலேயே வாழ்ந்தார்.

விதவையர் விடுதி

அக்காலத்தில் பெண்கள் பள்ளிகளுக்குப் போதிய ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆண்கள் கற்பிக்கும் பள்ளிக்கு மகளை அனுப்பப் பல பெற்றோர் தயங்கினர். மறுபுறம், மறுமணமும் வருவாயும் இன்றிப் பிறர் தயவில் வாழ்ந்த இளம் விதவைகள் ஏராளமாக இருந்தனர். விதவைகளை ஆசிரியர்களாக்கினால் இரு குறைகளும் தீரும் என்பதே சுப்பலட்சுமியின் திட்டம். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த லிஞ்ச் அம்மையார் இதற்கு அரசின் ஆதரவைப் பெற உதவினார்.

எழும்பூரில் தம் குடும்ப வீட்டில் நான்கு சிறுமிகளுடன் விடுதி தொடங்கியது. 1912 இல் இவர் நிறுவிய சாரதா மகளிர் சங்கம் பெண்கல்விப் பணிகளுக்குத் துணைநின்றது. விதவை எதிர்ப்படுவது அபசகுனம் என்று நம்பப்பட்ட காலத்தில், இச்சிறுமிகள் பள்ளிக்குத் தெருவில் நடந்து செல்வதே எதிர்ப்புக்கு உள்ளானது. பிற்பாடு விடுதி மெரினா கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அக்கட்டடத்தை அரசு 1917 இல் வாங்கியது. இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிறது.

இவ்விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. உணவு முதலியவற்றில் சாதி ஆசாரங்களும் காக்கப்பட்டன. ஆசாரமான பெற்றோர் தம் பெண்களை அனுப்ப இது வழிவகுத்தது. எனினும் பிற சமூகத்து விதவைகளுக்கு அங்கு இடம் இல்லாது போனது இப்பணியின் முக்கிய எல்லையாகும்.

பிற கல்விப் பணிகள்

1922 இல் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு இவர் முதல் முதல்வரானார். அரசுக் கல்லூரியான இதில் பல சமூகத்துப் பெண்களும் பயிற்சி பெற்றனர். விடுதியின் அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளின் கல்வியிலும் இவர் ஈடுபாடு காட்டினார்.

சாரதா வித்யாலயா பள்ளியை இவர் நிறுவினார். அதன் நிர்வாகத்தை 1938 இல் இராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. பள்ளி வயது கடந்த பெண்களுக்காக 1942 இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1954 இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான சமூகநல மையம் அமையப் பங்காற்றினார். 1956 இல் மயிலாப்பூர் மகளிர் மன்றம் தொடங்கிய பள்ளி, பின்னர் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்றது. அப்போது மன்றத் தலைவராக இருந்தவர் இவரே.

பொதுவாழ்வு

அரசுப் பணியில் இருந்ததால் இவர் விடுதலைப் போராட்டத்தில் நேரடியாக ஈடுபடவில்லை. குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் பரப்புரை செய்தார். பெண்ணின் திருமண வயதை 14 ஆகவும் ஆணின் வயதை 18 ஆகவும் நிர்ணயித்த 1929 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார்.

விருதுகளும் மறைவும்

ஆங்கில அரசு 1920 இல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும், இந்திய அரசு 1958 இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கின. மோனிகா ஃபெல்டன் ஆங்கிலத்தில் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1966 இல் வெளிவந்தது. சுப்பலட்சுமி 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று காலமானார்.